விழுவதற்கு இடம் விட்டு முந்துங்கள்

டெம்போவின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தால் ஒரு சத்தம் வரும். உள்ளே ஓட்டுகிறவருக்கு எதன் மேலோ மோதிவிட்டோம் என்றே தோன்றும். தன் சைக்கிளை உரசிக்கொண்டு போகிற வண்டிகளுக்கெல்லாம் எங்கள் கட்டிங் மாஸ்டர் அந்த அடியைக் கொடுப்பார். ராயபுரத்தில் அவர் வீட்டுக்கு அடுத்த சந்தில்தான் நான் குடியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் வீரபாண்டிப் பக்கம் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவர் துணி வெட்டுகிற மேஜைக்குப் பொறுப்பு. நான் அதே மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்துப் போடுகிறவன். காலையில் அவர் சைக்கிள் முன்னால் போகும், என் சைக்கிள் பின்னால் போகும். அந்தச் சத்தத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெரிய விஷயங்களை எழுத எனக்கு வராது. ஆனால் என் பிள்ளைகளும் உங்களைப் போலச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவர்கள். "வண்டிக்காரன் தப்புப் பண்ணினா நாம வாய மூடிட்டுப் போகணுமாப்பா?" என்று போன வாரம் பெரியவன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. கம்பெனிக்குள் அவரைப் போலத் தன்மையாகப் பேசுகிற ஆள் கிடையாது. புதிதாக வந்த வடநாட்டுப் பையனைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். சைக்கிளில் ஏறிவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். "சைக்கிள்ல போறவன்னா அத்தன எளக்காரமாப் போச்சுங்களா?" என்று துரத்திப் போய்க் கேட்பார். டீ நேரத்தில் பேக்கரி வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க மாஸ்டர், இன்னைக்கு எத்தன வண்டிக்குப் பூசை போட்டீங்க?" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. தப்பு வண்டிக்காரர்களுடையதுதான்.

அவருடைய மகள் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி கம்பெனிக்குப் போகிற வழியிலேயே இருந்ததால் தினமும் அவர் சைக்கிள் கேரியரில்தான் போவாள். ஒருநாள் காலை, துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ எங்களை முந்தியது. இடது பக்கம் ஒரு ரோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டுப் போனது. சைக்கிள் ஆடிப்போய் ஓரத்துச் சேற்றில் இறங்கியது. நல்லவேளை, விழவில்லை. அதோடு போயிருக்கலாம். ஆனால் மாஸ்டர் எழுந்து நின்று பெடலை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருப்பதே அவர் நினைவில் இல்லை.

ரோடு இரண்டாகப் பிரிகிற வீரபாண்டிப் பிரிவில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அந்த டெம்போவைப் பிடிக்க, ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவர் சைக்கிளை விட்டார். பஸ் நகர்ந்தது. ஹாரன் அலறியது. சைக்கிள் சாய்ந்தது. அந்தப் பிள்ளை கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது. டிபன் பாக்ஸ் திறந்து தக்காளிச் சாதம் தார் ரோட்டில் சிதறியது. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். அதற்குள் மாஸ்டர் டெம்போவின் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிவிட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

பிள்ளை அழவில்லை. முழங்கையை ஊதிக்கொண்டே, "என்னைய எறக்கி உட்டுட்டு அப்பறம் சண்டைக்குப் போயிருக்கலாமுங்கப்பா," என்றாள். பையை மாட்டிக்கொண்டு பள்ளியைப் பார்த்து நடந்தாள். அவர் கூப்பிட்டும் திரும்பவில்லை.

கம்பெனிக்கு வந்தால் எங்கள் மேஜை காலியாகக் கிடந்தது. வெட்டுவதற்குத் துணி வரவில்லை. மேனேஜர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தார். "சாயப்பட்டறையில இருந்து அப்பவே கெளம்பிடுச்சாமுங்க மாஸ்டர். வழியில எவனோ ஒரு சைக்கிள்காரன் சாவியப் புடுங்கிட்டுப் போயிட்டானாம். நம்ம துணி நடுரோட்டுல நிக்குது. இந்த மாதிரி ஆளுகள என்னங்க பண்றது?"

மாஸ்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "சாவி எங்கிட்டதானுங்க இருக்குது," என்றார்.

எங்கள் கட்டிங் பகுதி முழுவதும் அப்போது சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பிரிவுக்குத் திரும்பினார்.

டிரைவர் டெம்போவை நாலு பேரை வைத்து ஓரமாகத் தள்ளி நிறுத்தி, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் போலத் தெற்கத்தி ஆள். மாஸ்டர் சாவியை நீட்டினார். அதை வாங்குவதற்கு முன்னால் அவர் கேட்டது, "பிள்ளைக்கு அடி பட்டிருச்சாண்ணே?" என்றுதான்.

"கைதான். தேஞ்சிருக்குது."

"ரோல் நீட்டிட்டு இருந்ததுல எடது கண்ணாடி மறைஞ்சு போச்சுண்ணே. நீங்க சாக்கடைய ஒட்டி வந்தது கண்ணுலயே படல."

"கண்ணுல படலீன்னா எதுக்குங்க முந்தறீங்க?"

"தப்புதாண்ணே. லோடு லேட்டுன்னு போன் மேல போன்."

மாஸ்டர் சாவியை அவர் கையில் வைத்தார். பிறகு, "சைக்கிள்காரன் விழுந்தா விழறதுக்கு எடம் உட்டு முந்துங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலீங்க," என்றார். "நாளையில இருந்து ரோல் வெளிய நீட்டிட்டு வந்துச்சுன்னா எம் மேஜைக்கு நான் எறக்க மாட்டேன். உங்க ஓனருகிட்டயும் எங்க மேனேஜருகிட்டயும் நானே பேசறேன்."

பேசவும் செய்தார். மேனேஜர் முதலில் முகம் சுளித்தார். மாஸ்டர் விடவில்லை. அதன் பிறகு எங்கள் கம்பெனிக்கு வருகிற துணி வண்டியில் ரோல் வெளியே நீட்டி நான் பார்க்கவில்லை. வருஷக்கணக்காகத் தகரத்தில் அடித்தும் நடக்காத காரியம், நின்று பேசிய பிறகு நடந்தது.

ஆனால் வீட்டில் காரியம் அவ்வளவு லேசாக முடியவில்லை. "நான் நடந்தே போறேனுங்க," என்று சொல்லிவிட்டாள் மகள். மாஸ்டர் அவளை அதட்டவில்லை. மறுநாள் காலை சீக்கிரமே கிளம்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தார். கேரியர் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வழியில் தெரிந்தவர்கள், "ஏனுங்க மாஸ்டர், பஞ்சருங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு நடப்பார். நானும் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். அப்படியே ஒரு மாதம் போலப் போயிற்று. பள்ளி வாசலில் அவளை விட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று இரண்டு பேரும் மூச்சு வாங்க மிதிப்போம். அந்த நாட்களில் எத்தனையோ வண்டிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. அவர் ஒன்றையும் துரத்தவில்லை.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது. வேகமும் கூடிவிட்டது. அதில் உங்களை நம்பித்தான் பெற்றவர்கள் நாங்கள் அனுப்புகிறோம். ஆகவே இதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சாக்கடையோடு ஒட்டிப் போகாதீர்கள். ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி, கொஞ்சம் உள்ளே தள்ளி நேராகப் போங்கள். ஒரு வண்டி நெருக்கினால் பிரேக்கைப் பிடித்து ஓரமாக நின்று காலை ஊன்றுங்கள். அது போகட்டும். கெட்ட வார்த்தை வேண்டாம், கல் வேண்டாம், துரத்தல் வேண்டாம். உங்கள் சைக்கிளும் ஒரு வண்டிதான். கோபத்தோடு ஓட்டினால் அதுவும் யாரையாவது கீழே தள்ளிவிடும். வண்டியின் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. பேச வேண்டியதை, பேச வேண்டிய ஆளிடம் நாங்கள் போய்ப் பேசுவோம். கேட்கிறவரைக்கும் பேசுவோம்.

அந்தப் பிள்ளை மறுபடி கேரியரில் ஏறிய நாளையும் சொல்லிவிடுகிறேன். "யாரையும் தொரத்தக் கூடாதுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். "இல்ல கண்ணு," என்றார் மாஸ்டர். பிரிவுக்கு வருவதற்குள்ளேயே, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஒரு கம்பெனி வேன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, அவர் வேட்டி மேல் சேற்றை வாரியடித்துவிட்டு முன்னால் வெட்டித் திரும்பியது. மாஸ்டர் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார். நானும் நின்றேன். வேன் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மிதித்திருந்தால் பிரிவில் பிடித்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பின்னாலிருந்து மகள் கேட்டாள். "கோவம் வருதுங்களாப்பா?"

"வருது கண்ணு. காலு தானாப் பெடலுக்குப் போகுது."

"அப்பச் சித்த நேரம் நின்னே போலாமுங்க."

நின்றோம். அவள் வேனின் நம்பரையும், பின்னால் எழுதியிருந்த போன் நம்பரையும் ஒப்பித்தாள். டீ நேரத்தில் மாஸ்டர் அந்த ஓனருக்குப் போன் போட்டு, குரலை உயர்த்தாமல் நடந்ததைச் சொன்னார். டிரைவரிடம் சொல்லி வைக்கிறேன் என்றாராம் ஓனர். சொன்னாரோ என்னவோ, அந்த வேன் திருந்தியதா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நான் சந்துமுனைக்கு வந்தபோது, பிள்ளை எனக்கு முன்னாலேயே கேரியரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.