மச்சான் வேண்டாமென்ற ஸ்கோப்

என் அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய கம்பளித் துணியில் சுற்றிய ஒரு ஸ்கோப் இருக்கிறது. ரைஃபிளின் முதுகில் பொருத்தி, தூரத்தில் நிற்கும் மிருகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டும் குழல். ரைஃபிள் கிடையாது. எங்கள் குடும்பத்தில் கோழி அறுப்பதற்கே ஆள் தேடி அலைவோம், வேட்டைக்கு எங்கே போக! வீட்டுக்கு வருகிறவர்கள் துணியை விலக்கிப் பார்த்ததும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இதுல எவ்வளவு தூரம் தெரியும்?" ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கடையிலும் வருகிற போகிறவர்கள் எல்லாம் இதையே கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. அங்கே பதில் சொல்ல என் மச்சான் இருந்தார், என் அக்காவின், எங்கள் வழக்கில் ராத்தாவின், மாப்பிள்ளை. "தூரத்தக் கேக்காதீங்க பாய், நேரத்தக் கேளுங்க" என்பார். அரபியில், இந்தியில், தமிழில், யார் வந்தாலும் அதே பதில்தான்.

என்னை அந்தக் கடைக்கு அழைத்துப்போனவர் அவர்தான். அங்கே முவைலா பகுதியில் ஒரே ரூமில் மேல்கட்டிலில் நான், கீழ்கட்டிலில் அவர். கூடாரம், காப்பிக் கெண்டி, ராஜாளியின் கண்ணை மூடும் தோல் குல்லா, பைனாகுலர், ஸ்கோப் என்று வேட்டைக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் எங்கள் கடையில் கிடைக்கும். அந்த மண்ணில் இஷ்டத்துக்குச் சுட முடியாது என்பதால், வசதியுள்ள அரபிகள் ஆப்பிரிக்காவுக்கும் பனிமலை நாடுகளுக்கும் விமானம் ஏறிப் போய் வேட்டையாடுவார்கள். போகும் முன் எங்களிடம் வருவார்கள். பெரும்பாலும் நடுப்பகலில் வருவார்கள். இருப்பதிலேயே பெரிய பவர் எது, அதை எடு என்பார்கள். எடுத்துக் கொடுத்துக் கல்லாவைப் பார்ப்பதுதானே கடைக்காரன் வேலை? மச்சான் மாட்டார். "சாயங்காலம் அசர் தொழுதுட்டு வாங்க, அப்பப் பாத்துத் தர்றேன்" என்று அனுப்பிவிடுவார். முதலாளியான எங்கள் அர்பாப் தலையில் அடித்துக்கொள்வார்.

அதற்குக் காரணம் இருந்தது. உச்சி வெயிலில் மணலிலிருந்து கானல் எழும். பவர் கூடினால் மிருகம் மட்டுமா பெரிதாகும், கானலும் சேர்ந்து பெரிதாகும்; கிடா நெளியும், பாறை நெளியும், குறி எங்கே நிற்கும்? மலை ஆடு மேய வருவதும் விடியலிலும் அந்தியிலும்தான். அந்த அரைவெளிச்சத்தில் எந்தக் கண்ணாடி வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கிறதோ அதுதான் நல்ல ஸ்கோப் என்பது மச்சானின் கட்சி. கடைக்கு எதிரே ஒரு பெரிய பொட்டல். அதற்கப்பால் பாதியில் நின்றுபோன கட்டடம், அதன் மாடிச் சுவரில் புறாக்கள். பொழுது சாயும்போது ஸ்கோப்புகளை மரத்தாங்கியில் வரிசையாக வைத்து வாடிக்கையாளரைக் குனிந்து பார்க்கச் சொல்வார். கண்ணை ஒட்டி வைக்க விடமாட்டார். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது குழலின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும், அதற்கு இடைவெளி வேண்டும். மக்ரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் எந்தக் குழலில் புறாக் கழுத்தின் பச்சையும் ஊதாவும் அழியாமல் நிற்கிறதோ, அதைத் தொட்டு, "இத எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். அவர் தேர்ந்து கொடுத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு குளிர்காலத்தில் அந்த வரிசையில் என்னவோ கோளாறு நுழைந்தது. புதிதாக வந்த பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தவர், "இருட்டடிக்குது மாப்ள, இது ஆகாது" என்று ஓரம் வைத்தார். அடுத்ததும் ஆகாது. அதற்கடுத்ததும் ஆகாது. கம்பெனிக்காரன் மட்டமான கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டான் என்று நானும் அவரோடு சேர்ந்து திட்டினேன். பெட்டிகள் திரும்பிப் போயின. அங்கிருந்து, குறையொன்றும் இல்லை என்று அப்படியே திரும்பி வந்தன. "அவனுக்கு என்ன தெரியும்!" என்றார் மச்சான். மாலையில் ரூமுக்குப் போகும் வழியில் நடைபாதை விளிம்பு தட்டிற்று என்றால், "எளவு செருப்பு" என்று செருப்பைத் திட்டுவார். சர்க்கரை அவருக்கு வெகுகாலமாக இருந்தது. இவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தன் கண்ணை யார்தான் சந்தேகிப்பார்கள்?

அந்த முடிச்சைப் போட்டவர் ஒரு கிழட்டு அரபி. எங்கள் பழைய வாடிக்கை; மச்சான் தொடாத பொருளை வாங்கமாட்டார். பனிமலைக்குப் போகவேண்டும், நல்லதாக ஒன்று எடு என்று அந்தியில் வந்து உட்கார்ந்தார். இருப்பதிலேயே உயர்ந்த ஸ்கோப்பை நான் தாங்கியில் வைத்தேன். மச்சான் குனிந்தார். "மாஃபி, ஒண்ணும் இல்ல, இருட்டா இருக்கு." துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். "சுத்தமா மாஃபி." அரபி அவரை மெல்ல விலக்கிவிட்டுத் தாமே குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்; பொட்டலைப் பார்க்கவில்லை, மச்சானின் முகத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "கண்ணாடி நன்றாக இருக்கிறது. இவரை டாக்டரிடம் கூட்டிப்போ, யல்லா, சீக்கிரம்" என்றார். மச்சான் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவர் செருப்பைத் திட்டியதெல்லாம் எனக்கு விளங்கியது.

கண் டாக்டர் ஒரு மலையாளத்து அம்மா. இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே லேசர் வைக்கவேண்டும், பல தடவை வரவேண்டும், கொஞ்ச காலம் வேலையை மறந்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் போனது திரும்பாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மச்சான் தலையாட்டினார். வெளியே வந்ததும், "கல்யாணம் முடியட்டும்" என்றார். ராத்தாவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, ஹஜ் பெருநாள் கழிந்து நிக்காஹ் பேசியிருந்தார்கள். அவள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. பள்ளிக்கூடம் சேர்ந்தபோது இல்லை, பெரியவளானபோதும் இல்லை. எல்லா லீவையும் தட்டிக்கழித்துவிட்டு, இந்த ஒரு நாளுக்காக ஒரு லீவைச் சேர்த்து வைத்திருந்தார். "கண்ணு தெரியலன்னு அர்பாப் காதுல விழுந்தா விசாவ கேன்சல் பண்ணி இப்பவே ஏத்தி விட்டுருவாரு. கல்யாணத்துக்கு ஒண்ணும் சேராத நேரத்துல வெறுங்கையோட போய் நிக்கவா? நிக்காஹுல அவ மொகத்தப் பாத்துட்டா போதும் மாப்ள, அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணா வர்றேன்." நான் மன்றாடினேன், கத்தினேன், ரூமில் எல்லோரையும் பேசவைத்தேன். ராத்தாவுக்குப் போன் போட்டால் இனி உன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று என்னை மிரட்டினார். அந்த மனுஷனின் பிடிவாதம் இருக்கிறதே!

பெருநாளுக்கு முன்பே எல்லாம் கையை மீறிப்போயிற்று. ஒரு காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி, "லைட்டப் போடு மாப்ள" என்றார். லைட் எரிந்துகொண்டிருந்தது. அர்பாப் திட்டவில்லை, அழுதார். எங்கள் இருவருக்கும் டிக்கெட் அவரே எடுத்தார். கிழட்டு அரபி கடைக்கு வந்து, மச்சான் இருட்டு என்று ஒதுக்கிய அதே ஸ்கோப்பை வாங்கி அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். ஊர் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, "துப்பாக்கி எங்கய்யா?" என்று அதட்டினார். "துப்பாக்கி இல்ல சார், மக கல்யாணம்" என்றார் மச்சான். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, போகச் சொல்லிக் கையசைத்தார்.

வெளிச்சத்தில் நிழல் அசைவது மட்டும் அவருக்குத் தெரிந்தது. வந்த அன்று மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். நிக்காஹ் அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். "வெயில் உச்சில நிக்கிறப்பவே புள்ளைய உடுத்தி விடச் சொல்லு. கொல்லைக்கு அந்தப் பக்கம் பொட்டல் தாண்டி என் தம்பி வீட்டு மாடி இருக்குல்ல, அங்க நிக்கட்டும். இந்தக் குழல்ல கிட்ட நின்னா கலங்கும், எட்டப் போனாத்தான் பிடிக்கும். இதுல வெளிச்சம் சேரும் மாப்ள. விக்கிறப்ப நான் பொய் சொன்னதில்ல." நடுப்பகலில் எவருக்கும் ஸ்கோப்பைத் தொட்டுக் காட்டாத மனிதர் அவர். சாயங்காலக் கல்யாணத்துக்கு இப்பவே சேலையா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். மருமகள் முழு அலங்காரத்தோடு வாப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "நீ எட்டப் போம்மா" என்றார். "எட்டப் போனாத்தான் வாப்பாவுக்குத் தெரிவ."

எங்கள் ஊரில் பெண்கள் நடக்க வீடுகளுக்குப் பின்னால் முடுக்குகள் உண்டு. முடுக்கு வழியாகப் போய் அந்த மாடியில் ஏறி நின்றாள். கொல்லைச் சுவரில் தலையணையை வைத்து, அதன்மேல் ஸ்கோப்பை வைத்து, புருவத்துக்கு இடைவெளி விட்டுக் குனிந்தார் மச்சான். குழல் அவளைத் தாண்டித் தென்னை மரத்தைப் பார்த்தது. நான் தொட்டுத் திருப்பினேன், மறுபடி விலகியது. வளையத்தைத் திருகினார், எதிர்ப்பக்கம் திருகினார். வெகுநேரம் ஆயிற்று. வெயில் கொளுத்தியது. அவர் கூப்பிடவே இல்லை என்று பயந்தோ என்னவோ, அவள் மாடியிலிருந்து இறங்கி முடுக்கு வழியாக ஓடிவந்து, ஓசையில்லாமல் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அப்போதுதான் அவர் பேசினார். "ஆ... தெரியுது மாப்ள. தெரியுது. அசையாத தங்கம், அப்படியே நில்லு. தலைய லேசாத் தூக்கு. மாஷா அல்லாஹ், உன் உம்மா மாதிரியே இருக்கியேம்மா." எதிரே மொட்டை மாடி காலியாகக் கிடந்தது.

ராத்தா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மருமகள் அவரையும் அந்தக் காலி மாடியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நகை குலுங்காமல் நெஞ்சோடு அழுத்தி, செருப்பில்லாமல் அந்தச் சுடுமணலில் திரும்ப ஓடினாள். மாடியேறி, அவர் குழல் பார்த்திருந்த இடத்திலேயே போய் நின்று, அங்கிருந்து குரல் கொடுத்தாள். "வாப்பா! தெரியிறேனா?"

"தெரியிறம்மா" என்றார் மச்சான். கண்ணை எடுக்கவே இல்லை.

மச்சான் மவுத்தாகி, அடக்கமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. கண் போனதோடு சிறுநீரகமும் போனது. ஸ்கோப்பை ராத்தா என்னிடம் கொடுத்தாள், தன்னால் அதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்றாள். எப்போதாவது மக்ரிப் நேரத்தில் என் வீட்டுக் கொல்லையிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். பாங்கு முடிந்த பிறகும் மச்சானின் தம்பி வீட்டு மாடிச் சுவரின் பாசி பச்சையாகத் தெரிகிறது. அருமையான கண்ணாடி, அவர் வேண்டாமென்று ஒதுக்கியதிலேயே அருமையானது. மருமகள் இப்போது தோஹாவில் இருக்கிறாள், பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. லீவில் வரும்போதெல்லாம் இந்த அலமாரியைத் திறந்து துணியை விலக்குவாள். "மாமா, வாப்பா அன்னிக்கு என்னையப் பாத்தாகதானே?" என்று கேட்பாள். அவர் பின்னால் நின்றவளே அவள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"பாத்தாகம்மா" என்பேன். ஸ்கோப்பைத் துணியில் சுற்றி அவளே உள்ளே வைப்பாள்.