கண்ணாடி வீட்டுப் பரீட்சை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கெங்குவார்பட்டியில் மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு சித்திரையில், கன்று வளர்த்து விற்கும் எங்களையெல்லாம் பெரியகுளத்துக்கு வரச்சொல்லி விவசாய இலாகாவில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி சீமையில் அச்சான புத்தகத்தை இங்கிலீஷில் வாசிப்பார். குமாஸ்தா தமிழில் சொல்வார். கண்ணாடியால் வீடு கட்டி, உள்ளே அடுப்பு மூட்டி, செடிக்குக் குளிராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம். வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டோம்.

கடைசி நாள் வாய்மொழிப் பரீட்சை. "கண்ணாடிக் கூரை மேல பனி விழுந்தா என்ன செய்வீரு?" என்று குமாஸ்தா என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த பனி, மார்கழியில் புல்நுனியில் நிற்பதுதான். "ஒண்ணும் செய்ய மாட்டேங்கய்யா. வெயில் ஏறுனா அதுவாப் போயிரும்."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டி ஏதோ சொன்னார். "அங்கன ஆள் ஏறி மம்பட்டியால அள்ளுவாகளாம்" என்றார் குமாஸ்தா.

பனியை மம்பட்டியால் அள்ளுவதா! பக்கத்திலிருந்த வருசநாட்டுக்காரர் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே ஓடினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. சன்னல் வழியே கொளுத்தும் வெயிலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எனக்கு முழு மதிப்பெண் போட்டார். ஓடிப்போனவரைத்தான் தேறவில்லை என்று எழுதிவிட்டார். பாவம், அந்த மனுசர் மறுவருசமும் வந்து அடுப்பு மூட்டப் படித்தார்.