பாய் கடை பைப்புக்குக் கீழே ஒரு ஜீப்

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அண்ணன், நான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்த தகரக்கடை பாய். ஆக ஏழு பேர். இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஏழில் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்த ஜீப் இன்றைக்கும் எங்கள் கொட்டகைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. பயப்படுவதற்கென்று தனியாகக் காரணம் தேவைப்படாத பிள்ளை. மேகம் வந்தால் இடி விழுமோ என்று பயப்படுவேன், வராவிட்டால் கிணறு வற்றுமோ என்று பயப்படுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, இந்தப் படிப்பு மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள்தான் நான்.

ஜீப் சித்தப்பாவுடையது. அவர் குயிலாப்பாளையம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் டிரைவராக இருந்தார். விடுதிக்காரர் புது வண்டி வாங்கியபோது பழைய ஜீப்பைச் சல்லிசாகத் தள்ளிவிட்டார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மேலே தகரக் கூடு வைத்து வெல்டிங் அடித்த ஜீப். எங்கள் உப்பளத்தில் மூட்டை அடிக்க ஆகும் என்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் அப்பா உடனே வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டார். தகரம், பைப் எல்லாம் பாய் கடையில் கடன். ஜீப்பின் உயரத்தை அளந்து, அதற்குமேல் நாலு விரல் விட்டு, வாசலில் குறுக்காக ஒரு கனமான பைப்பை வைத்தார். மொத்தக் கூரையும் அந்தப் பைப்பின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

முதல் நாளே ஜீப் மானத்தை வாங்கிவிட்டது. உப்பளத்துக்குப் போகிற கரைமேல் டிராக்டர்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மண் முதுகு மாதிரி எழுந்து நிற்கும். டிராக்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் ஜீப்பின் வயிறு போய் அந்த முதுகின்மேல் படுத்துக்கொண்டது. சக்கரங்கள் சேற்றை வாரி அடித்தனவே தவிர வண்டி அசையவில்லை. பக்கத்து அளத்து ஆட்கள் உப்பு வாருகிற பலகையை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னாபா, ஜீப்பு அடைகாக்குதா? எத்தினி முட்டை வச்சிருக்கீங்க?”

சித்தப்பாவின் காது சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரித்து விட்டுவிடுகிற காலமும் இல்லை அது. ஐப்பசி பிறந்துவிட்டது. அந்தப் பருவத்தின் கடைசி உப்பு அளத்துக்குள் அம்பாரமாக நின்றது. ஓலை போட்டு மூடினாலும், பெருமழையில் தண்ணீர் ஏறினால் அம்பாரம் அடியிலிருந்து கரைந்துவிடும். மேலே ஓலை மட்டும் ஒழுங்காக இருக்கும். லாரிக்காரர் தார் ரோடு வரைதான் வருவார். டிராக்டர்களைப் பெரிய அளக்காரர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். வரிசையில் நாங்கள் கடைசி. அந்த அம்பாரம்தான் எங்களுடைய அந்த வருஷம். அது ரோட்டுக்கு வந்தால் சாப்பாடு, கடன் அடைப்பு, அண்ணனுக்குப் பரீட்சைக் கட்டணம். வராவிட்டால் உப்புத் தண்ணீர்.

சித்தப்பா ஒரு யோசனையோடு வந்தார். விடுதிப் பக்கத்தில் காட்டுக்குள் ஓட்டுகிற ஜீப்களை மெக்கானிக்குகள் தூக்கிக் கட்டுவதைப் பார்த்திருக்கிறாராம். வண்டியின் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டைகளோடு சக்கரத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, பட்டை தொங்குகிற இரும்புத் துண்டை நீளமானதாக மாற்றினால் வயிறு மேலே போய்விடும். சாமான்களையும் சாக்குப் பையில் கட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

எவ்வளவு தூக்குவது? அப்பா அளத்துக்குப் போய், உப்பு வாருகிற பலகையின் கம்பை அந்த மண் முதுகின் பக்கத்தில் நிறுத்தி, கரியால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். அதை ஜீப்பின் வயிற்றோடு வைத்துப் பார்த்து, “ஆறு விரல் தூக்குனா போதும்டா” என்றார்.

நாலு விரல், ஆறு விரல். இரண்டையும் சொன்னது அதே வாய்தான். அளந்தது அதே கைதான். ஆனால் எங்கள் ஆட்களின் கண் பழகியது கீழே பார்த்து. தண்ணீர் எங்கே தேங்குகிறது, வரப்பு எங்கே கசிகிறது, பாத்தியில் உப்பு எங்கே பூக்கிறது என்று நாளெல்லாம் காலடியைப் பார்த்தே வாழ்கிறவர்கள். தலைக்குமேல் பார்ப்பது மேகத்துக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. வாசலில் மணல், ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அதனால் சிமென்ட் தரை போட்ட கொட்டகைக்குள்ளேயே வைத்துத் தூக்கினார்கள். தூக்கிய இடத்தில் பனங்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். சித்தப்பா உள்ளே நுழைந்து படுத்தார். கையில் ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். நகர்ந்தால் வைத்துவிடலாம் அல்லவா?

“சித்தப்பா, கட்டை ஆடுது.”

“ஆடல பாப்பா.”

“சித்தப்பா, ஜாக்கி சாயுது.”

“அண்ணி, இவள உள்ள கூப்டுக்கங்க. ஜீப்பு என்னைக் கொல்றதுக்கு முன்னாடி இவ கொன்னுடுவா போலருக்குது.”

அம்மா கூப்பிட்டாள். நான் போகவில்லை.

நட்டுகள் துருப்பிடித்துக் கல்லாகிக் கிடந்தன. முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் அசையவில்லை. அப்பா கொட்டகை போட்டு மிச்சமான பைப் துண்டு ஒன்றை ஸ்பானரின் பின்னால் சொருகி, அண்ணனோடு சேர்ந்து தொங்கினார். ஒவ்வொரு நட்டும் கழலும்போது பட்டாசு மாதிரி சத்தம். சித்தி கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் முறத்தில் அடுக்கினாள். புதுப் பட்டை பழைய பட்டைகளோடு உட்கார மறுத்தது. அப்பா காலால் மிதித்து அழுத்த, அண்ணன் சம்மட்டியால் தட்ட, சித்தப்பா கீழேயிருந்து நட்டை முடுக்கினார். நாலு சக்கரமும் முடிந்து கட்டைகளை உருவியபோது வெயில் உச்சி தாண்டிவிட்டது.

ஜீப் நின்றது. எப்படி நின்றது! தண்ணீரில் இறங்கப் போகிறவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்ட மாதிரி. எல்லாரும் தரையில் குனிந்து அதன் வயிற்றுக்கு அடியில் பார்த்தோம். அம்மாகூடப் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அப்பா கம்பை உள்ளே விட்டுக் கரிக்கோட்டைக் காட்டினார். கோட்டுக்கு மேலே வயிறு. அண்ணன் விசில் அடித்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்து சித்தப்பா வண்டியில் ஏறும்போதும் எல்லார் கண்ணும் அந்த வயிற்றில்தான். நான் மட்டும் நிமிர்ந்தேன்.

“சித்தப்பா, நிறுத்துங்க! மேல!”

காலையிலிருந்து நான் நிறுத்தச் சொல்லாத நேரமே இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. சித்தப்பா ரிவர்ஸ் போட்டார். டங். கூரை முழுக்க அதிர்ந்து, ஓர் ஓணான் வந்து விழுந்தது. ஜீப்பின் தகரக் கூடு வாசல் பைப்பில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு விரல் உயரம் அதிகம்.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டயர் காற்றை இறக்கலாம் என்றான் அண்ணன். “இறக்கிட்டு எதால ஏத்துவ? உன் வாயாலயா? பஞ்சர் கட ஞாயித்துக்கெழம லீவுடா” என்றார் சித்தப்பா. பட்டையை மறுபடி கழற்றலாம் என்ற சித்தியை அப்பா பார்த்த பார்வையில் அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கிழக்கே கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அப்பா ரம்பத்தை எடுத்தார். பைப்பை அறுத்துவிட்டு, கூரைக்குத் தற்காலிகமாக மரம் முட்டுக் கொடுக்கலாம் என்று.

அப்போதுதான் பாய் வந்தார். மாசாமாசம் பாக்கி கேட்டு வருகிறவர். அவரைச் சுமந்து வந்த மொபெட் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நல்ல ஆகிருதி. அப்பாவின் கையில் ரம்பம், ரம்பத்துக்கு நேரே பைப். பாய்க்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது.

“ஏம்பா, அது இன்னும் என் பைப்பு. காசு குடுத்துட்டு அறு. இல்ல, அறுக்காத.”

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். பைப்பை அறுக்கக் காசு வேண்டும், காசுக்கு உப்பு வேண்டும், உப்புக்கு ஜீப் வேண்டும், ஜீப்புக்குப் பைப்பை அறுக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் போய்ச் செங்கல் வைப்பது?

அண்ணன் சோர்ந்துபோய் ஜீப்பின் பின்பக்கம் தாவி உட்கார்ந்தான். பாய்க்கு டீ கொண்டுவந்த அம்மா அதைப் பார்த்தாள்.

“இன்னாங்க, அவன் குந்துனா இறங்குதே. மூட்ட ஏத்துனா இன்னும் இறங்கும்ல?”

“மூட்ட அளத்துல இருக்குது” என்றார் அப்பா எரிச்சலாக.

“நாம இங்கதான இருக்கறோம்?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். பின்பக்கம் ஏறினார். அம்மா ஏறினாள். சித்தி ஈரக்கையோடு ஓடிவந்து ஏறினாள். ஜீப் இறங்கியது. இன்னும் அரை விரல் போதவில்லை. எல்லாருடைய கண்ணும் மெதுவாகப் பாய் பக்கம் திரும்பியது.

“யா அல்லா. நான் பாக்கி கேக்க வந்தவன்யா!”

“ஏறிக் கேளுங்க பாய்” என்றார் சித்தப்பா.

பாய் டீயை ஒரே மடக்கில் குடித்தார். தம்ளரை என் கையில் கொடுத்தார். லுங்கியை இறுக்கிக்கொண்டு ஏறினார். கமான் பட்டைகள் முனகிக்கொண்டு இறங்கின.

“பாப்பா, நீ வெளிய நின்னு மேல பாரு” என்றார் சித்தப்பா. “பயமா இருந்தா கத்து. நல்லாக் கத்து.”

என் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பயப்படச் சொன்னார்கள். கொட்டகை வாசலில் நின்று கண்ணைச் சிமிட்டாமல் பைப்பைப் பார்த்தேன். தகரக் கூட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும். ஜீப் பின்னால் நகர்ந்தது. பாதி வெளியே வந்தது. பின்பக்கம் இருந்த பாரத்தில் முன்பக்கம் மூக்கைத் தூக்கியது.

“நிறுத்துங்க!”

நிறுத்தினார்கள். அத்தனை பேரும், அந்த நொடியே. அந்த இன்பத்தை எப்படிச் சொல்வது? “முன்னாடி யாராச்சும் ஏறுங்க” என்றேன். பாய் இறங்கிச் சுற்றிப் போய், பக்கவாட்டில் ஒருக்களித்து நுழைந்து, முன் பம்பர்மேல் ஏறிப் பானெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தார். மூக்கு இறங்கியது. ஜீப் விரல் விரலாக நகர்ந்தது. பாய் தலையைத் தூக்காமல், “போதுமா பாப்பா? இன்னும் குனியணுமா?” என்று கேட்டுக்கொண்டே, தான் விற்ற பைப்புக்குக் கீழே வெளியே வந்து சேர்ந்தார். வெளிச்சம் ஜீப்பின் முகத்தில் விழுந்தது. சித்தி கைதட்டினாள். அப்பா பாயைத் தூக்கி நிறுத்தியபோது அவர் சட்டை முழுக்கக் கிரீஸ்.

பிறகு யாருக்கும் இறங்கத் தோன்றவில்லை. என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டு அப்படியே அளத்துக்கு விட்டார்கள். கரைமேல் ஏறினோம். அந்த மண் முதுகு வந்தது. வயிறு உரசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். முதுகு முடிந்துவிட்டது, சத்தம் வரவில்லை. சித்தப்பா ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. பக்கத்து அளத்து ஆட்கள் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

“குஞ்சு பொரிச்சிடுச்சுபா!” என்று பாய்தான் கத்தினார். அடைகாத்த கதை அவருக்கும் எட்டியிருந்தது போல. அந்த ஆட்களே சிரித்துவிட்டு, இரண்டு பேர் மூட்டை தூக்க வந்தார்கள். பாய் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் அம்பாரம் முழுக்கத் தார் ரோட்டு ஓரத்துக்கு வந்து லாரியில் ஏறிவிட்டது. மழை அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வந்தது. அளம் குளமாகிவிட்டதை நாங்கள் கரையில் நின்று, யார் வீட்டுக் கல்யாணமோ என்பது மாதிரி பார்த்தோம்.

வெறும் ஜீப் கொட்டகைக்குள் நுழையாது என்பது பிறகுதான் உறைத்தது. அந்த மழைக்காலம் முழுக்க அது வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நனைந்தது. கொட்டகையில் ஆடு கட்டினோம்.

உப்புப் பணம் வந்ததும் அப்பா பாய் கடைக்குப் போய் எண்ணி வைத்தார். பாய் மற்ற எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டு, அந்த வாசல் பைப்புக்கு உண்டான அறுநூற்று நாற்பது ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். “அது இருக்கட்டும், பொறவு வாங்கிக்கறேன்.” அதற்குப் பிறகும் மாசாமாசம் வருவார். மொபெட்டை நிறுத்துவார். பைப்பில் ஜீப் முட்டி நசுங்கிய இடத்தைத் தடவுவார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, “ஏம்பா, பைப்பு பாக்கி இன்னா ஆச்சு?” என்பார். அப்பா சட்டைப் பையில் கை விடுவார். “அடுத்த மாசம் பாத்துக்கலாம், முதல்ல டீயப் போடச் சொல்லு” என்பார் பாய்.

அந்த மொபெட் சத்தம் கேட்டாலே நான் ஆட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். இந்த மாதம் பைப்பைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், கூரை ஆட்டின்மேல் விழும் என்று பயம். முட்டை விற்ற காசைக் கொடுத்தாவது தீர்த்துவிடு என்று அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறேன். அம்மா சிரித்தாள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது ஒரு வீட்டில் எப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. பாக்கியைக் கேட்டு வருகிற மனிதரும், பாக்கி எங்கே தீர்ந்துவிடுமோ என்று வருகிற மனிதரும் ஒரே மாதிரிதான் வண்டியை நிறுத்துவார்கள் என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

போன வாரமும் வந்தார். இப்போது மொபெட் இல்லை, மகன் கொண்டுவந்து விடுகிறான். டீ குடித்தார், பைப்பைத் தடவினார், உரக்கக் கேட்டார். அறுநூற்று நாற்பது ரூபாய் அப்படியே பாக்கி.