கழற்றச் சொன்ன ஆரன்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. எண்ணூரில் அனல் மின் நிலையம் புதிதாகப் புகைவிடத் தொடங்கியிருந்த சமயம். நாங்கள் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் சரக்கு லாரி டிரைவர். நாக்பூர், கல்கத்தா என்று லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பப் பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். நான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பேன். பிரேக் பிடிக்காமல் போயிருக்குமோ, எங்காவது ஆற்றுப் பாலம் உடைந்திருக்குமோ என்று மனம் எதையாவது கிளறிக்கொண்டே இருக்கும்.

எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பார். "லாரிக்காரனைக் கட்டிக்கினு ரோட்டையே பாத்துகினு இருந்தா கழுத்துதாம்மா சுளுக்கிக்கும்" என்பார்.

அவருடைய கணவரும் அதே கம்பெனியில் டிரைவராக இருந்தவர்தான். நாங்கள் குடிவருவதற்கு முந்தின வருடம் நாக்பூர் போன இடத்தில் மார்வலி வந்து இறந்துவிட்டார். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அக்கா இட்லி சுட்டு விற்று, ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார்.

என் தவிப்புக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். லாரி கம்பெனி ஷெட்டுக்குப் போக வேண்டுமானால் எங்கள் சந்து முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். "முனையில ரெண்டு தடவை ஆரன் அடிச்சிட்டுப் போங்க. நான் உலை வச்சிடுவேன்" என்று என் கணவரிடம் சொல்லிவைத்தேன். அவரும் அப்படியே செய்துவந்தார்.

ஒருமுறை அவருக்கு லாரியை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த லாரியில் போய்விட்டு அவர் முதல் தடவை திரும்பியது ஒரு மத்தியானம். நான் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். முனையில் ஆரன் கேட்டது. வழக்கமான சத்தம் இல்லை. ரப்பர் உருண்டையை அமுக்கி அடிக்கிற பித்தளை ஆரன். கன்றுக்குட்டி கத்துவதுபோல ஆரம்பித்து, முடியும்போது கொஞ்சம் கம்மிப்போகும்.

நான் எழுவதற்குள் எதிர்வீட்டுக் குழந்தை, "நைனா வந்துட்டாரு, நைனா வந்துட்டாரு" என்று கூவிக்கொண்டு பெரிய சாலையைப் பார்த்து ஓடியது. என் கணவரின் லாரிக்குப் பின்னால் வேறு லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு ரிக்‌ஷாக்காரர் பாய்ந்து அதன் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா வாசலில் அப்படியே நின்றிருந்தார். குழந்தையைக் கூப்பிடக்கூட இல்லை. கையிலிருந்து இட்லி மாவு சொட்டிக்கொண்டிருந்தது.

என் கணவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எதிர்வீட்டு அண்ணன் ஓட்டின வண்டிதான். இத்தினி நாளா இங்க வராம பெங்களூர் பக்கமே ஓடிகினு இருந்துச்சு. செத்தவரு வண்டின்னு சொன்னா நீ பயப்படுவே, அதான் சொல்லல. அந்த ஆரன் அவரே ஆசைப்பட்டு வாங்கி மாட்டினது."

"அதைக் கழட்டிடுங்க" என்றேன். "அந்தக் குழந்தை ரோட்டுல அடிபட்டா என்ன பண்றது? அக்கா முகத்தைப் பாத்திருந்தா நீங்க இப்படி நின்னு பேசமாட்டீங்க."

"அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்."

ஆறுகிற புண்ணைக் கிளறுவதா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. சாதாரணமாக எதிலும் நூறு முறை யோசிப்பவள் நான். அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் தொந்தரவு தாங்காமல் அவர் மறுநாளே அதைக் கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டு, வேறு ஆரன் மாட்டிக்கொண்டு கல்கத்தா போனார்.

அவர் திரும்பிய மறுநாள், தண்ணீர்க் குழாயடியில் அக்கா கேட்டார். "இன்னா தங்கச்சி, உன் வூட்டுக்காரரு வேற வண்டிக்கு மாறிட்டாரா?"

"இல்லக்கா, அதே வண்டிதான்."

"அப்போ அந்த ஆரன் கேக்கலையே? நேத்து பூரா காது குடுத்துகினு இருந்தேன்."

நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு சொன்னேன். "நான்தான் கழட்டச் சொன்னேன்க்கா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு. பாப்பா வேற ரோட்டுக்கு ஓடுது."

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். அது நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தார். பிறகு, "புள்ளைய நான் புடிச்சிக்கினு நின்னிருப்பேனே" என்றார். "இங்க ஒரு குழி இருந்தா, கல்லறைத் திருநாளுக்குப் போயி ஒரு மெழுகுவத்தி கொளுத்திட்டு வருவேன். அதுக்கும் குடுத்து வைக்கல. அந்த சத்தம் ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு. உன் வூட்டுக்காரரு வர நாளை நானும் எண்ணிகினு இருந்தேம்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு ஓடிப்போய் என் கணவரிடம் அழுதேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். ஷெட்டைச் சுத்தம் செய்தபோது அதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டிருந்தார்கள். கடைக்குப் போனார். அங்கிருந்த பித்தளையெல்லாம் போன வாரமே உருக்கப் போய்விட்டதாம். மெட்ராஸில் தேடி அலைந்து, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பித்தளை ஆரன் வாங்கி மாட்டினார்.

அடுத்த முறை அவர் திரும்பியபோது முனையில் அதை இரண்டு தடவை அடித்தார். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். எதிர்வீட்டுக் குழந்தை படியில் உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளேயிருந்து அவசரமாக வெளியே வந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். குழந்தை தலையைத் தூக்கவே இல்லை. மேலே போட்ட கல்லைப் பிடித்து, அடுத்த கல்லை எடுத்தது. அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இன்றைக்கும் என் கணவர் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்து முனையில் ஆரன் அடிக்கும்போதெல்லாம், உலை வைக்கப் போவதற்கு முன், ஒரு வார்த்தை கேட்காமல் நான் எடுத்துவிட்ட அந்தச் சத்தத்துக்காக ஒரு நிமிஷம் எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.