விமானத்தின் வாலில் தாய்மாமன்

என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. சனிக்கிழமை மத்தியானம் ஆகியும் தாய்மாமன் வருவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. அவன் மடியில் உட்காராத பிள்ளைக்கு எங்கள் பக்கம் காது குத்த மாட்டார்கள்.

எனக்கும் என் அண்ணனுக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருச்சிக்கு மாற்றிவிட்டேன். அவனுக்கு ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் கண்ட்ரோல் ரூம் வேலை. டூட்டி முடிந்து வந்தவன் காலிக் கட்டிலைப் பார்த்து என்னவோ ஏதோவென்று பதறிப்போயிருக்கிறான். "ஒரு போன் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று கத்தினான். "நீ மிஷினையே பாத்துக்கிட்டு கெட, அம்மாவ நான் பாத்துக்குறேன்" என்றேன். எனக்கு வாய் நீளம். அம்மா குணமாகி அவன் வீட்டுக்கே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டது முறைத்துக்கொண்டதுதான்.

காதுகுத்துக்குத் தட்டு வைத்து அழைக்கப் போனபோதும், வேண்டுமென்றே அவன் டூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அம்மாதான் தட்டை வாங்கினாள். அவனிடமிருந்து பதிலே இல்லை.

சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு, பெரம்பலூரில் எங்கள் வீட்டில், மனசு ஒரு நிலையில் இல்லாமல் மடிக்கணினியைத் திறந்தேன். அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. உலகப்போர் காலத்துக் குண்டுவீச்சு விமானம், அதில் ஏழு பேர். யார் எங்கே உட்காரவேண்டும், யார் தீயை அணைக்கவேண்டும், யாருக்குக் கட்டுப்போடவேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன்தான். "எது போனாலும் பைலட்டு சீட்ட மட்டும் காலியா வுட்டுராத" என்பான். நூறு தடவை சொல்லியிருப்பான்.

ஏழு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். நான் சொந்தக்காரர்களையே ஏற்றிவிடுவேன். பைலட் நான். ஊர்ச் சேதியெல்லாம் முதலில் அம்மா காதுக்குத்தான் வரும், அதனால் அவள் ரேடியோவில். வீட்டுக்காரர் இன்ஜின் பக்கம். மாமியாருக்கு மேல்பக்கத்துத் துப்பாக்கி, காரணம் கேட்கக்கூடாது. அண்ணனை இந்தத் தடவை வாலில் போட்டேன். அங்கேதான் குளிர் அதிகம், அடியும் முதலில் அங்கேதான் விழும். கிடக்கட்டும் என்று நினைத்தேன். மகள் என் மடியில் உட்கார்ந்து, "மாமா எங்கம்மா?" என்று கேட்டு, அவன் இடத்தைத் தெரிந்துகொண்டாள்.

குண்டைப் போட்டுத் திரும்பும் வழியில் எதிரி விமானங்கள் பின்னால் வந்தன. இடது இன்ஜின் தீப்பிடித்தது. வீட்டுக்காரரை அணைக்க அனுப்பினேன். அம்மாவுக்குக் கையில் அடி. மாமியார் சுட்டுக்கொண்டே இருந்தார். அப்போது வாலில் அண்ணன் சாய்ந்தான். அவன் படத்துக்குக் கீழே உயிர் போக மிச்சமிருக்கும் விநாடிகள் குறையத் தொடங்கின. பதினைந்து, பதினான்கு. கட்டுப்போட யாரும் சும்மா இல்லை. அடப்பாவி, எந்திரிடா என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒன்பது வந்தபோது பைலட்டைச் சீட்டிலிருந்து எழுப்பினேன். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் வாலை நோக்கி ஓடினேன். விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது. நான் அவனிடம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு பேரும் காலி.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மகள்தான் எடுத்தாள். பக்கத்தில் அண்ணன் இருந்திருக்கிறான், அவனும் வாங்கிப் பேசினான். நான் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "மாமா, ஏரோப்ளேன் வுழுந்துடுச்சு. அம்மா உங்கள வால்ல ஒக்கார வச்சு சாவடிச்சிட்டாங்க."

அந்தப் பக்கம் போன் கட்டானது.

"விடிஞ்சா நல்ல காரியம். பண்ணுற வேலையா இது?" என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார். திரும்பக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன், வைத்தேன். என்னவென்று சொல்வது?

ஞாயிறு காலை வேப்பந்தட்டை தாண்டி எங்கள் குலசாமி கோயில். காதுகுத்தும் ஆசாரி இன்னொரு கோயிலுக்கும் போகவேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். பதினொன்றரை ஆனதும் மாமியார், "மொறைக்கு ஒரு மாமன் இருந்தா போதும்த்தா, உன் பெரியப்பன் மவன ஒக்காரச் சொல்லு" என்றார். பெரியப்பா மகன் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டான். "கொஞ்சம் இருங்க" என்றேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அண்ணனின் வண்டி வந்து நின்றது. சீர்த்தட்டோடு அம்மா முன்னால் இறங்கினாள். அவன் நேராக என் முன்னால் வந்து நின்றான். எட்டு மாதம் கழித்து அவன் கேட்ட முதல் கேள்வி, "எப்புடி வுழுந்துச்சு?"

சுற்றி நின்றவர்கள் யார் விழுந்தது, என்ன விழுந்தது என்று பார்த்தார்கள்.

"உனக்கு அடிபட்டுச்சு. கட்டுப்போட ஆளில்ல" என்றேன்.

"சரி. பைலட்டு யாரு?"

"நான்தான்."

"நீ என்ன பண்ணுன?"

"எந்திரிச்சு உங்கிட்ட வந்தேன்."

அவன் கண் கலங்கியிருந்தது.

"பைலட்டு சீட்ட வுட்டு எந்திரிப்பாங்களா? ஏழு பேரயும் கொன்னுட்டு வந்து நிக்குது பாரு, கூறுகெட்ட கழுத" என்றான். பெரியப்பா மகனைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"புள்ளயக் குடு" என்று இரண்டு கையையும் நீட்டினான்.