ஒரே வெளிமுகவரி

"செவ்வாய், மாலை 6.10. முரளி வீட்டு வெளிமுகவரியும் என்னுடையதும் ஒன்று. அவனிடம் சொல்லவில்லை." பழைய டைரியில் என் கையெழுத்துதான். அன்று பெய்த தூறலையும் மதியம் தின்ற புளிசாதத்தையும்கூடக் குறித்திருக்கிறேன், நீங்கள் சிரிக்கலாம். சொல்லாததற்குக் காரணத்தைத்தான் குறிக்கவில்லை.

சென்ற வாரம் மோடத்தை மாற்ற வந்தவர் பழையதைக் கழற்றியபோது சூடான பிளாஸ்டிக் வாடை அடித்தது. அதற்குப் பிறகுதான் டைரியைத் தேடினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்த எங்கள் மென்பொருள் அலுவலகம் முழுக்க இதே வாடை. பயிற்சியில் முரளியும் நானும், இரண்டு பேர். நிரந்தர வேலை ஒன்று. முரளியின் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நெமிலிச்சேரியில் என் அடுத்த தெருவில் தம்பி வீட்டு மாடியறையில் குடும்பத்தோடு ஒண்டியிருந்தார். முரளிக்கு வேலை உறுதியானால்தான் வாடகை வீடு.

வீடியோவில் இருவர் நேரடியாகப் பேசும் செயலி அவன் பொறுப்பு. வீட்டுக் கணினியை வெளியிலிருந்து யாரும் நேரே தொட முடியாது. நடுவில் ரௌட்டர் மறிக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே தட்டினால், வருவதைப் பதில் என்று நம்பி அது வழிவிடும். இந்தத் தந்திரத்தை மூன்று மாதம் எழுதினான். மாலையில் அவன் வீட்டிலிருந்து சோதிப்பான்; மறுமுனையில், என் வீட்டில், நான். தினமும் படம் பளிச்சென்று வந்தது. வராமல் என்ன? எங்கள் தெருக்களுக்கெல்லாம் இணைய இணைப்பு தந்தவர் ஒரே கேபிள்காரர்; வெளி இணையத்துக்கு எங்கள் வீடுகளெல்லாம் ஒரே எண், ஒரே வெளிமுகவரி. அவர் வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்முகவரிகளையும் நிரல் முயன்று பார்க்கும். எங்கள் பேச்சு அவருடைய கம்பியைத் தாண்டவே இல்லை. தந்திரம் ஒருநாளும் சோதிக்கப்படவில்லை.

புதன் காலை ரயிலில் கேட்டான். "மச்சான், பாடில ஃபிரண்டு ஊடு கீது. அங்கேந்து ஒருவாட்டி போட்டுப் பாத்துடலாமா?"

"இன்னாத்துக்கு? நேத்துகூட சூப்பரா வந்துச்சே," என்றேன்.

மூன்று மணிக்கு, அலுவலகத்திலிருந்து, பூந்தமல்லியில் இருந்த வாடிக்கையாளரைச் செயலியில் அழைத்துக் காட்டினான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிடம், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊட்ல ஓடிச்சு சார்," என்றான்.

"அப்ப ஊட்டுக்கே போய்டு நைனா," என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும், சற்றுத் தாமதமாக.

முரளி என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லேன்டா."

"எங்கூட ஒழுங்காதான் வந்துச்சு சார். அப்பாலிக்கா எதுனா மாத்திட்டானோ, தெர்ல."

தட்டல் பலிக்காதபோது நடுவில் ஒரு கணினி வழியே அனுப்பும்படி அடுத்த வாரம் நான் மாற்றினேன். ஒரு மதியத்து வேலை. நிரலின் தலைப்பில் இருந்த அவன் பெயரை அழித்ததும் நானே.

பட்டறையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கேபிள்காரர் கடையை மூடிவிட்டார். அந்தச் செயலி யாரிடமும் இல்லை; முரளியின் பழைய எண்ணும் உபயோகத்தில் இல்லை. அவன் குமணன்சாவடி நிறுத்தத்துக்கு எதிரே சிசிடிவி கடை வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். என் பேருந்து தினமும் அங்கே நிற்கிறது. தகவலை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.