அந்த நீலக் கோடு ஏன் நகரவில்லை?

போன அமாவாசையன்று, செஞ்சி காந்தி பஜாரில் ஒரு சின்னக் கடையில் வைத்து, ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லைதான். ஆனால் நான் சொன்னதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் ஒரு சந்தேகப் பிராணி. பஸ்ஸில் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டுத்தான் ஏறுவேன். கேஸ் சிலிண்டர் சீலை இரண்டு முறை தடவிப் பார்ப்பேன். மருந்துக் கடைக்காரர் கவரில் போட்ட மாத்திரையை வெளியே எடுத்து எக்ஸ்பைரி தேதி பார்க்காமல் நகர மாட்டேன். இதுவரை ஒரு தடவைகூட எதுவும் தப்பாக இருந்ததில்லை. அதனாலேயே சந்தேகம் கூடுகிறது... எப்படி எல்லாமே சரியாக இருக்கும்?

விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக ஒரு லேப்டாப் வாங்கி, பழையதில் இருந்ததை எல்லாம் அதில் ஏற்றியிருந்தேன். பல வருடமாக நான் பயன்படுத்தும் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் அதில் திறக்கவில்லை. 'இதற்கு இன்னொரு ஃபீச்சர் தேவை' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. மறுநாள் பத்திரிகைக்கு என் பத்தியை அனுப்பியாக வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலரின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன்.

மலருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு, இங்கே சொந்தமாகக் கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. லேப்டாப்பை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"இது ஆப்ஷனல் ஃபீச்சர் சார். ஒரு டிக் போட்டா போதும். உக்காருங்க, பத்து நிமிஷத்துல ஆயிடும்."

பத்து நிமிடம் போனது. இருபது போனது. மலர் அடுத்த வேலையில் இறங்கிவிட்டார். மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, மகளுக்கு ஸ்கூலில் கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் பிரின்டரோடு நின்றிருந்தார்.

நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலக் கோடு பாதியில் நின்றிருந்தது. என் லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு பென் டிரைவ் — அதன் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. நெட் கனெக்‌ஷனோ மலரின் செல்போனிலிருந்து.

ஆப்ஷனல் என்றால், வேண்டுமென்றால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் விடு என்பதுதானே? அதற்கு எதற்கு இத்தனை நேரம்? முழு சினிமாவே ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறதே?

கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, இவ்ளோ நேரமா உள்ள ஏறுதா... இல்ல உள்ள இருந்து எதனா வெளிய போவுதா?"

"இன்னா சார் சொல்றீங்க?"

"பென் டிரைவ் சொருவி இருக்குது. உன் போன் வேற கனெக்ட் ஆயிருக்குது. உள்ள எங்க வீட்டுப் பத்திரம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு எல்லாம் இருக்குது. கேக்கறதுல தப்பு இல்லியே."

அந்த அம்மா மெதுவாகத் தன் லேப்டாப்பை மூடினார். கட்டைப் பையில் வைத்தார். "இன்னொரு நாளு வரேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மலர் வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பென் டிரைவ்ல உங்க டைப்பிங் சாஃப்ட்வேரோட செட்அப்தான் சார் இருக்குது. நீங்களே தொறந்து பாருங்க. இந்த ஃபீச்சர் உங்க மெஷின்ல இல்ல. பேரு மட்டும் லிஸ்ட்ல இருக்கும், ஃபைலு நெட்ல இருந்து வரணும். நீங்க கடைசியா போட்ட அப்டேட்டுக்கு ஏத்த ஃபைலா பாத்து எடுக்கணும். வந்த ஒவ்வொண்ணும் ஒரிஜினல்தானான்னு செக் பண்ணும். ஆன்டிவைரஸ் இன்னொரு வாட்டி செக் பண்ணும். நடுவுல கரண்ட் போனா பழையபடி திரும்பறதுக்கு வழியும் வெச்சிக்கும். சாதாரண ஆப்புன்னா தனியா ஒரு ஓரத்துல போய் உக்காந்துக்கும் சார். இது சிஸ்டத்துக்குள்ளயே கை வெக்கிற வேல. அதான் லேட்டாவுது."

"அப்ப இந்தக் கோடு ஏன் நிக்குது?"

"கோடு நிக்கும். உள்ள வேல ஓடிகினுதான் இருக்கும்."

பென் டிரைவைத் திறந்து பார்த்தேன். ஆமாம், அப்போதும் பார்த்தேன். அவர் சொன்னதைத் தவிர அதில் எதுவும் இல்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் நீலக் கோடு முழுதாக ஓடி முடிந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. நான் டைப் செய்து பார்த்த முதல் வார்த்தை 'மன்னிக்கவும்'. மலர் அதைப் படித்தார். பென் டிரைவைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டம். ஸ்பெஷல் பஸ்களில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது பஸ்ஸில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், பை மடியில்.

ஜன்னலுக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் மேல் தப்பே இல்லை, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா எம் பொண்ணு போட்டோல்லாம் இதுல இருக்குது. நீங்க அப்படிக் கேக்காம இருந்திருந்தா எனக்குத் தோணியே இருக்காது. இப்ப தோணிடுச்சு. இன்னா பண்றது?"

பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பிப் போய் மலரிடம் சொன்னேன். "ஓடுனதுக்கு தேங்க்ஸ் சார்" என்றார். கொஞ்சம் விட்டு, "அந்தக்கா இனிமே வராது. ஊர்ல நாலு பேருகிட்ட சொல்லும்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது யோசித்துப் பார்த்தேன். சந்தேகத்தில் அந்த மெஷினும் நானும் ஒரே ஜாதிதான். வித்தியாசம் ஒன்றுதான் — அது எதையும் சரிபார்த்துவிட்டு முடிவு செய்கிறது. நான் முடிவு செய்துவிட்டுச் சரிபார்த்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். கடையில் மேஜையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். எல்லா ஸ்கிரீனும் கஸ்டமரைப் பார்த்தபடி இருந்தது. மலர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"கழுத்து வலிக்காதாம்மா?"

"வலிக்குது சார். பரவால்ல."

நேற்று பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மகள் லேப்டாப் ரிப்பேர், எங்கே கொடுக்கலாம் என்று கேட்டார். மலர் கடை என்றேன்.

"நம்பிக் குடுக்கலாமா?"

"தாராளமா" என்றேன். சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கிவிட்டேன் — அதை அவர் கவனித்துவிட்டார்.